கூம்பின் வெட்டுப்பட்ட முனை

தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் ஐரோப்பிய மரக் காற்றுக்கருவியான பசூனின் பழைய வடிவங்களைப் பற்றிப் பேசுபவர்கள் மரத்தையும் விரல்துளைகளையும் பற்றி நெடுநேரம் பேசுவார்கள். சீவாளிக்கும் மரக்குழலுக்கும் இடையில் வளைந்து நிற்கும் மெல்லிய பித்தளைக் குழாயான போக்கலுக்கு ஓரிரு சொற்களே கிடைக்கும். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளின் பரோக் பசூன் ஒன்றின் நகலைச் சில ஆண்டுகளாக வாசித்துவரும் எனக்கு, அந்தக் குழாயை ஒரு துணைப்பொருளாகக் கருத மனம் வரவில்லை.

பசூனின் உட்துளை, ஏறக்குறைய இரண்டரை மீட்டர் நீளத்துக்குச் சிறிது சிறிதாக விரியும் கூம்பு. அது கூர்முனை வரை செல்வதில்லை; முனை வெட்டுப்பட்ட இடத்தில் சீவாளி அமர்கிறது. இல்லாத அந்த முனையின் கொள்ளளவைச் சீவாளி ஈடுசெய்தால்தான் கீழ் ஸ்தாயிச் சுரமும், அதே விரலமைப்பில் எழும் மேல் ஸ்தாயிச் சுரமும் ஒன்றோடொன்று இசைந்து நிற்கும். போக்கலின் குறுகிய வாய் நான்கு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடக்குறைய இருக்கும். அங்கே மிகச் சிறிய மாற்றம்கூடக் காதுக்கு எட்டிவிடும்.

சுருதியைத் தாழ்த்த நீளமான போக்கலை மாட்டினால் போதும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். ஆனால் மேல்முனையில் கூட்டப்படும் நீளம், குறுகிய குழலில் ஒலிக்கும் சுரங்களை அதிகமாகவும் முழுக்குழலில் ஒலிக்கும் சுரங்களைக் குறைவாகவும் தாழ்த்துவதால், சுருதி இறங்கும்போதே சுரவரிசையும் கோணிவிடுகிறது. ‘ஏ’ சுரம் 415 ஹெர்ட்ஸில் நிற்கும் சுருதிக்கு ஒன்று, 392இல் நிற்கும் சுருதிக்கு ஒன்று என்று நீளத்தை மட்டும் மாற்றாமல், விரிவின் போக்கையும் சேர்த்துத் திட்டமிட வேண்டியிருப்பது இதனால்தான்.

நியூரம்பெர்க் நகரின் டென்னரோ டிரெஸ்டனின் கிரென்ஸரோ செய்த கருவியை நகலெடுப்பவர், மரத்தின் உட்துளையை நுணுக்கமாக அளந்துகொள்ளலாம். போக்கல்தான் சிக்கல். அருங்காட்சியகங்களில் உள்ள பல பசூன்களில் மூலப் போக்கல் தொலைந்துபோயிருக்கிறது, அல்லது வேறொன்று செருகப்பட்டிருக்கிறது. ஆகவே அதைக் கருவியையே கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எனக்குச் செய்துகொடுத்த கைவினைஞர் பசூனோடு நான் வழக்கமாக வாசிக்கும் சீவாளிகள் மூன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார். நீண்ட, ஒருபுறம் ஒடுங்கும் தகட்டை எஃகு அச்சின் மேல் சுற்றி, ஓரங்களை வெள்ளிப் பற்றாசால் இணைத்து, தட்டி இழைத்தபின், வளைக்கும்போது குழாய் நசுங்காதிருக்க உள்ளே ஈயத்தை உருக்கி ஊற்றினார். முழங்காலில் அணைத்தபடி அவர் அதை வளைத்த நிதானத்தை இன்னும் மறக்க முடியவில்லை. பிறகு சூடாக்க, ஈயம் பளபளவென்று வழிந்து வெளியேறியது.

காற்றுத்துளை வேண்டுமா என்பதில் மட்டும் நீண்ட பேச்சு நடந்தது. இன்றைய பசூனில் போக்கலின் பக்கத்தில் இடும் அந்த ஊசித்துளையை மூட, விரலால் இயக்கும் ஒரு சாவி உண்டு. பரோக் கருவியில் அது இல்லை. எப்போதும் திறந்தே இருக்கும் துளை மேல் சுரங்களுக்குக் கைகொடுத்தாலும், தாழ்ந்த சுரங்களை மெல்ல வாசிக்கையில் அவற்றை நடுங்கவைக்கும். அடித்தளச் சுரங்களே என் வேலை என்பதால், வேண்டாம் என்றேன்.

கடைசியில் வாய்ப்பக்கம் ஒரு சிறு வளையத்தை அறுத்து, வாசிக்கச் சொல்லி, மறுபடி அராவினார். அடிமுனையில் நூலை இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றிக் குழலில் அழுத்தியபோது, அதுவரை உதட்டால் இழுத்துப் பிடித்துவந்த நடு ஸ்தாயி ‘ஜி’ தானாகவே தன் இடத்தில் வந்து நின்றது.