ஃப்ரீசரில் குழம்பு வேண்டாம், வதக்கல் போதும்

வேலைக்குப் போகிற நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, ஞாயிற்றுக்கிழமையே ஒரு வாரத்துக்கான குழம்பு, கூட்டு எல்லாம் செய்து ஃப்ரீசரில் வைத்துவிடலாமா என்பதுதான். வேண்டாம் என்றுதான் சொல்வேன். நம் சாப்பாட்டின் ருசியில் பெரும்பங்கு கடைசி ஐந்து நிமிடத்தில் வருகிறது: கடுகு வெடிக்கிறபோது, கறிவேப்பிலை எண்ணெயில் விழுகிறபோது, இறக்குவதற்கு முன் பெருங்காயமும் கொத்தமல்லித் தழையும் போடுகிறபோது. அதை ஞாயிறு செய்து வியாழக்கிழமை சூடு பண்ணினால் அந்த மணம் இருக்காது, பிள்ளைகள் ஒரு வாயோடு தட்டைத் தள்ளிவிடுவார்கள். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னால் இருக்கிறதே முக்கால் மணி நேர வேலை, உரிப்பது, நறுக்குவது, ஊற வைப்பது, வேக வைப்பது, துருவுவது, வதக்குவது, அதெல்லாம் தாராளமாக ஃப்ரீசருக்குப் போகலாம். எங்கள் வீட்டில் சில வருடங்களாக இப்படித்தான் ஓடுகிறது. சாயங்காலம் ஏழு மணிக்குக் களைத்து உள்ளே நுழைந்தாலும் எட்டுக்குள் சூடான சாப்பாடு தட்டில் இருக்கும், அதுவும் அன்றைக்குத் தாளித்ததாக.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வெங்காயம் தக்காளி வதக்கல். 2 கிலோ பெரிய வெங்காயம், ஒன்றரைக் கிலோ நாட்டுத் தக்காளி, ஒரு டம்ளர் கடலெண்ணெய், கல் உப்பு, மஞ்சள் தூள், அவ்வளவுதான். வீட்டில் இருப்பதிலேயே பெரிய வடச்சட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வெங்காயத்தைப் போட்டு உப்பைச் சேர்த்ததும் முதலில் தண்ணீர் விட்டுக்கொண்டு வேகும், அப்போது கிட்டே நிற்க வேண்டியதில்லை, எப்போதாவது கிளறினால் போதும். தண்ணீர் வற்றி வெங்காயம் பாதிக்கும் கீழே சுருங்கியதும் சத்தம் மாறும், கொதிக்கிற சத்தம் போய்ப் பொரிகிற சத்தம் வரும். அங்கிருந்துதான் கவனம் வேண்டும். தீயைக் குறைத்து, அடியில் பிடிப்பதைக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டிக் கிளறினால் கண்ணாடி மாதிரி இருந்தது மெல்ல மெல்லப் பொன்னிறத்துக்கு வரும். ஓரம் சிவந்ததும் அரைத்த தக்காளியை ஊற்றுங்கள். இது தெறிக்கும், பாதி மூடி வையுங்கள். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும், ஓரத்தில் எண்ணெய் கசிந்து வர வேண்டும். அதுதான் பதம். மொத்தமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் ஒருவேளைக்கு என்று தினமும் இதைச் செய்தாலும் இருபது நிமிடம் அடுப்படியில்தானே நிற்கிறோம்.

இதில் மிளகாய்த் தூள், மல்லித் தூள், கரம் மசாலா எதையும் போடாதீர்கள். உறைய வைத்தால் கிராம்பு, மிளகு போன்றவை தூக்கலாகிக் கசக்கும், மசாலாப் பொடி சேர்த்ததில் நாள்பட ஒரு பழைய வாடை ஏறும். பொடி போடாமல் வைத்தால் இன்னொரு லாபமும் உண்டு, அதே பாக்கெட்டை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். நாலு பேருக்கு ஒரு கப் என்று கட்டி வைத்தால், ஒரு நாள் அதில் முட்டை மசாலா, இன்னொரு நாள் தேங்காய், சோம்பு, கசகசா அரைத்து ஊற்றிக் குருமா, அவசரத்துக்குத் தக்காளி சாதம், ஞாயிறு கோழிக் குழம்பு. பாக்கெட்டின் வெளிப்பக்கத்தைக் குழாய்த் தண்ணீரில் கொஞ்சம் காட்டினால் கவரை விட்டுக் கழன்று வரும், அப்படியே தாளித்த எண்ணெயில் போட்டு, பொடிகளைச் சேர்த்து, பச்சை வாசனை போகும்வரை வதக்கினால் போதும்.

அடுத்தது கடலை. கொண்டைக்கடலையைச் சுண்டலுக்கோ குழம்புக்கோ என்று நினைக்கிற நாளில் முந்தின இரவு ஊறப்போட யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை, அதனாலேயே பல வீடுகளில் அது மாதத்துக்கு ஒருமுறைகூட வருவதில்லை. ஒரே தடவையில் ஒரு கிலோ ஊற வையுங்கள், வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாமல், உப்புப் போட்டு வேக வைக்க வேண்டும். விரலில் அழுத்தினால் நசுங்கணும், ஆனால் தோல் கழன்று வரக்கூடாது. தண்ணீரை வடித்து, துணியில் ஈரம் போக உலர்த்தி, தாம்பாளத்தில் ஒற்றை வரிசையாகப் பரப்பி ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு அப்புறம் கவருக்கு மாற்றினால் ஒன்றோடொன்று ஒட்டாது, தேவையான அளவு அள்ளிக்கொள்ளலாம். ராஜ்மாவும் இதே முறைதான், ஆனால் அதை அரை வேக்காட்டில் எடுத்து வைக்கிற எண்ணமே வேண்டாம். சரியாக வேகாத ராஜ்மாவில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்குகிற நச்சு இருக்கிறது, நன்றாகக் கொதித்து வெந்தால்தான் அது போகும். துவரம் பருப்பைக் கெட்டியாக வேக வைத்து மசித்து ஒரு டம்ளர் அளவாக வைத்துக்கொண்டால் சாம்பாருக்கு வெந்நீர் ஊற்றிக் கரைத்தால் போதும். பாசிப்பருப்பு, தட்டைப்பயறு எல்லாம் குக்கரில் சீக்கிரமே வெந்துவிடும், அதற்கு ஃப்ரீசரில் இடம் தர வேண்டியதில்லை.

மார்கழி, தை மாதத்தில் பச்சை மொச்சையும் பட்டாணியும் சந்தையில் குவியும்போது வாங்கி வைப்பது எங்கள் வீட்டில் ஒரு திருவிழா. நாங்கள் கோயம்புத்தூர் பக்கம் என்பதால் ஊட்டிப் பட்டாணி உழவர் சந்தைக்கே வந்துவிடும். டிவி முன்னால் எல்லோரும் உட்கார்ந்து உரிப்போம். உரித்த பட்டாணியை அப்படியே உறைய வைக்காதீர்கள், கொதிக்கிற தண்ணீரில் ஒன்றரை, இரண்டு நிமிடம் போட்டெடுத்து உடனே குளிர்ந்த தண்ணீரில் கொட்டி வடிகட்டுங்கள். காய்க்குள் இருக்கிற நொதிகள் ஃப்ரீசர் குளிரிலும் முழுசாக நிற்பதில்லை, மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும், நாளடைவில் நிறம் மங்கி வைக்கோல் வாடை வருவது அதனால்தான். கொதிநீர் அதை நிறுத்திவிடுகிறது. பீன்ஸ், கேரட்டுக்கும் இதுவே.

தேங்காய் பற்றிச் சொல்லவே வேண்டாம். துருவி, அரை அங்குலத் தடிமனுக்குக் கவரில் தட்டையாகப் பரப்பி வைத்தால் வேண்டிய அளவு உடைத்து எடுக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்தால் சட்னிக்கும் குழப்பமில்லை. புளிக்கரைசலை ஐஸ் ட்ரேயில் ஊற்றிக் கட்டியாக்கி டப்பாவுக்கு மாற்றிவிடுகிறேன், ரசத்துக்கு இத்தனை கட்டி, வத்தக்குழம்புக்கு இத்தனை கட்டி என்று கை பழகிவிடும். இஞ்சி பூண்டு விழுதும் அப்படித்தான். ஒன்று மட்டும்: பூண்டை எண்ணெயில் போட்டு வெளியில் நாள்கணக்காக வைக்காதீர்கள், காற்றில்லாத எண்ணெய்க்குள் பொட்டுலிசம் என்கிற நோயைத் தருகிற கொடிய நச்சை உண்டாக்கும் கிருமி வளர முடியும், அது உயிருக்கே ஆபத்து. அரைத்த அன்றே ஃப்ரீசருக்குப் போய்விட வேண்டும்.

சரி, எதெல்லாம் ஆகாது? உருளைக்கிழங்கு நொறுநொறுவென்று மணல் மாதிரி ஆகிவிடும். அவித்த முட்டையின் வெள்ளை ரப்பராகிவிடும். மோர்க்குழம்பும் தயிர் சேர்த்த எதுவும் திரிந்துவிடும். வெள்ளரி, பச்சைக் கத்தரிக்காய் வேண்டவே வேண்டாம்.

இப்போது நான் ரொம்பவும் வற்புறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன், ஆற வைப்பது. பெரிய பாத்திரம் நிறையச் செய்ததைப் பாத்திரத்தோடு மூடி மேடையில் விட்டுவிட்டுத் தூங்கப் போவதுதான் இந்த முறையில் மிகப் பெரிய ஆபத்து. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும், ஆழமான பாத்திரத்தின் நடுப்பகுதி அந்தச் சூட்டில் பல மணி நேரம் கிடக்கும். சமைத்து இறக்கியதை 2 மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும், சித்திரை வெயிலில் அடுப்படி கொதிக்கிற நாளில் 1 மணி நேரத்துக்குள். வதக்கலைத் தாம்பாளங்களில் பரப்புங்கள், பருப்புப் பாத்திரத்தை ஐஸ் தண்ணீர் நிரப்பிய அகலமான பாத்திரத்துக்குள் நிறுத்திக் கிளறுங்கள், ஃபேனுக்கு அடியில் வையுங்கள். கொதிக்கக் கொதிக்க ஃப்ரீசருக்குள் திணித்தால் பக்கத்தில் இருப்பதும் இளகிவிடும். கவர்களைத் தட்டையாக்கி, காற்றை அழுத்தி வெளியேற்றி, முதலில் படுக்க வைத்து, உறைந்ததும் நோட்டுப் புத்தகம் அடுக்குவது போல நிமிர்த்தி அடுக்குங்கள். தட்டையாக இருந்தால் வேகமாக உறையும், வேகமாக உறைந்தால் உள்ளே உண்டாகிற பனித்துகள்கள் சின்னதாக இருக்கும், காயின் நார் கிழியாது, உருகும்போது தண்ணீராக வடியாது. மேலே தேதியை எழுதிவிடுங்கள், ஏனென்றால் உறைந்த பிறகு புளியும் தக்காளியும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

எத்தனை நாள் வைக்கலாம் என்பது உங்கள் ஃப்ரிட்ஜைப் பொறுத்தது. ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் நின்றால் இரண்டு மூன்று மாதம் ருசி குறையாது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் மேலே இருக்கிற சின்னப் பெட்டி பல வீடுகளில் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை, அங்கே வைப்பதை இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது, ஐஸ் விரல் தடிமனுக்கு ஏற விடாமல் அவ்வப்போது உருக்கியும் விட வேண்டும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிற நட்சத்திரம் கரண்ட் செலவுக்கானது, குளிருக்கானது இல்லை. எடுத்துப் பயன்படுத்தும்போது முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள், மேடையில் வைத்து உருக்காதீர்கள், உருகியதை மறுபடி உள்ளே வைக்காதீர்கள்.

பெரியவர்கள் இருக்கிற வீட்டில் இதற்கு எதிர்ப்பு வரும். எங்கள் அத்தையும் முதலில், "பழசையா பிள்ளைகளுக்குப் போடறே?" என்றுதான் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், மீந்த குழம்பை நாலு நாள் சுண்ட வைத்துச் சாப்பிட்ட காலத்தில் வயிறு கெட்டவர்களைப் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் இட்லி மாவை ஒரு வாரத்துக்கு அரைத்து வைப்பதும், வெயில் காலத்தில் வெங்காய வடகம் போட்டு வருடம் முழுக்கத் தாளிப்பதும், சாம்பார் பொடியை மெஷினில் கொடுத்துத் திரித்து வைப்பதும் அவர்களேதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வடகத்துக்கு வெயில், வதக்கலுக்குக் குளிர் என்று நான் சொன்னதை ஏற்றுக்கொண்டார்கள், இப்போது வதக்கலின் பதம் பார்ப்பதே அத்தைதான், அவர்கள் சரி என்று சொன்னால்தான் அடுப்பை அணைப்போம்.

இதைவிட எனக்கு முக்கியமான ஒன்று இருக்கிறது. 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம், அதே வேலையில் ஈடுபடுகிற ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. வாரம் முழுக்க ஒரு பெண் செய்த வேலையை ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் அவள் தலையிலேயே ஏற்றினால், அவளுக்கு இருந்த ஒரே விடுமுறையும் போய்விடும், அப்படிச் செய்வதாக இருந்தால் இந்த முறையே வேண்டாம் என்பேன். எங்கள் வீட்டில் வெங்காயம் நறுக்குவதும் தேங்காய் துருவுவதும் என் வீட்டுக்காரர், கடலை வடித்து உலர்த்துவது மகன், கவரில் தேதி எழுதி அடுக்குவது மகள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்வதும் கிடையாது, ஒரு வாரம் வதக்கல் என்றால் அடுத்த வாரம் பயறும் தேங்காயும். எல்லாம் இப்படிப் பாக்கெட்டாக இருப்பதால் நான் வீட்டுக்கு வரத் தாமதமானால் யார் வேண்டுமானாலும் சமைத்துவிடுகிறார்கள், பத்தாவது படிக்கிற மகனுக்குக் கடலைக் குழம்பு தனியாக வரும்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை நிறுத்துகிற நாளில் கதவைத் திறக்காமல் இருந்தால் போதும். தனியாக இருக்கிற ஃப்ரீசர் நிறைய இருந்தால் மூடியபடி சுமார் 48 மணி நேரம், பாதி இருந்தால் 24 மணி நேரம் குளிர் நிற்கும், ஃப்ரிட்ஜோடு இருக்கிற சின்ன ஃப்ரீசருக்கு அதைவிடக் குறைவு. அதனால் காலியிடம் இருந்தால் தண்ணீர் பாட்டிலை முக்கால் பாகம் நிரப்பி வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, அந்த மாதிரி நேரத்தில் மிச்சம் பார்க்காமல் கொட்டிவிட வேண்டியதுதான். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்க்கையில் காசு மேலேயே இருந்தால் ஒன்றும் ஆகவில்லை. அடியில் போய் உறைந்திருந்தால் நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம், கோழி, பருப்பு, வதக்கல் எதையும் முகர்ந்து பார்த்து முடிவு செய்யாமல் வெளியே போட்டுவிடுங்கள்.