குடத்துக்குக் காவலிருந்தபடி படித்த நாவல்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் தண்ணீர் லாரிக்காகக் குடங்கள் வரிசைகட்டி நிற்கும் மே மாதத்தில், பிளஸ் டூ முடித்த அக்கா மகளுக்கு நான் முதலில் கொடுத்தது அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. சென்னையின் குடிநீர்ப் பஞ்சத்துக்கு நடுவே ஜமுனா, சாயா என்னும் சகோதரிகளின் வாழ்க்கையைச் சொல்லும் அந்தச் சிறிய நாவலில் பாதியை, குடத்துக்குக் காவலிருந்த நேரத்திலேயே அவள் முடித்துவிட்டாள். அட்டையில் ஈரக் கை பட்ட தடம் இன்னும் இருக்கிறது.

அடுத்தது அவருடைய ‘பதினெட்டாவது அட்சக்கோடு’. 1948-இல் ஐதராபாத் இந்தியாவுடன் இணைக்கப்பட்ட காலத்தில், கிரிக்கெட்டும் கல்லூரியுமாகத் திரியும் சந்திரசேகரன் தன்னைச் சுற்றி மூளும் கலவரத்தைப் புரிந்துகொள்ளத் திணறுவதை, பெரியவர்களைவிட அந்த வயதினரே நன்றாக உணர்வார்கள் என்பது என் எண்ணம்.

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யில், பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் சிறுவர்களின் விளையாட்டும் பசியும் உண்டு, கொங்கு வழக்கு தொடக்கத்தில் சற்றுத் தடுக்கும், பிறகு பழகிவிடும். ஐந்து பாகப் ‘பொன்னியின் செல்வ’னை நான் சொல்லாமலே படித்துவிடுவார்கள்.