குறுக்கே பாரு, ஏட்டி

"வீட்டிலேருந்து ரெண்டு வரிசை எண் கொண்டுவாங்க" என்று கணக்கு டீச்சர் சொன்னது 1996 ஜூலையில், ஒரு வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில். ஏழாம் வகுப்பில் நாற்பது பேர் இருந்தோம். ஒருவருக்கும் புரியவில்லை. என்ன எண், எதுக்கு என்று பின் பெஞ்சிலிருந்து சத்தம் வந்தது. "எதுவானாலும் சரி. ஒண்ணு மாறினா இன்னொண்ணும் மாறணும். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வெளியே மும்பை தாராவியின் 90 அடி ரோட்டில் கணுக்கால் வரை தண்ணீர் நின்றது.

திங்கட்கிழமை வந்தவற்றைப் பார்த்தால் அது தாராவியின் கணக்குப் புத்தகம் மாதிரி இருந்தது. தையல் வேலைக்காரர் மகன் சட்டையும் பொத்தானும் எழுதிக்கொண்டு வந்தான்: ஒரு சட்டைக்கு ஏழு பொத்தான், இரண்டுக்குப் பதினாலு. என் பக்கத்தில் உட்காரும் தோழியின் அம்மா விடிகாலையில் இட்லி அவித்து அனுப்புகிறவர். அவள் தட்டும் இட்லியும் எழுதியிருந்தாள். நான் அப்பாவின் டாக்ஸியிலிருந்து கட்டண அட்டையை எடுத்துப் போயிருந்தேன். கட்டணம் கூடிப் புது அட்டை வந்துவிட்டதால் பழையது அவருக்கு வேண்டாததாகி இருந்தது.

நம் சங்கத்தின் இந்த மலரைப் படிக்கும் இளையவர்களுக்கு அந்த அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கறுப்பு மஞ்சள் பிரீமியர் பத்மினி டாக்ஸியில் மீட்டர் வண்டிக்கு வெளியே, முன்பக்கம் இடது ஓரத்தில் இருக்கும். அதன் கொடியைக் கீழே திருப்பினால்தான் ஓட ஆரம்பிக்கும். 'மீட்டர் டவுன்' என்று நாம் சொன்னது அதைத்தான். ஆனால் அதில் தெரியும் எண் நாம் கொடுக்க வேண்டிய ரூபாய் இல்லை. கட்டணம் ஏறும்போதெல்லாம் ஊரிலுள்ள எல்லா மீட்டரையும் கழற்றிப் பல்சக்கரம் மாற்றுவது லேசான காரியமா? அதனால் மீட்டரை அப்படியே விட்டுவிட்டு அட்டையை மட்டும் மாற்றினார்கள். ஒரு பக்கம் மீட்டர் காட்டும் எண், அதற்கு நேரே கொடுக்க வேண்டிய பணம். இறங்கும்போது அட்டையைப் பார்த்துத்தான் காசு கைமாறும்.

டீச்சர் அட்டையை வாங்கிக் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். "இதைவிட நல்ல பாடம் நான் எங்கே போய்த் தேட?" என்றார். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அப்புறம் கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று தன் எண்களைப் பலகையில் மேலிருந்து கீழாக எழுதினார். மீட்டர் 1, 2, 3, 4. பணம் 8, 16, 24, 32.

"என்ன தெரியுது?"

"எட்டு எட்டா ஏறுது டீச்சர்!" என்று மொத்த வகுப்பும் கத்தியது. அதன் பக்கத்தில் அவர் இன்னொரு வரிசை எழுதினார்: 13, 21, 29, 37. "இது?" அதுவும் எட்டு எட்டாகத்தான் ஏறியது. அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா என்று கேட்டார். இல்லை என்று தெரிந்தது, ஆனால் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் எழுந்து மறுபடியும் மேலிருந்து கீழே எண்ணத் தொடங்கினேன். டீச்சர் பலகையில் கையை வைத்து மற்ற எல்லாவற்றையும் மறைத்து, ஒரே ஒரு வரியை மட்டும் விட்டார். 3, அதற்கு நேரே 24.

"கீழே போகாதே. குறுக்கே பாரு, ஏட்டி."

நெல்லைப் பக்கத்துக்காரர், வகுப்பில் செல்லம் வந்தாலும் கோபம் வந்தாலும் ஏட்டிதான். மூன்றுக்கு எட்டு மடங்கு இருபத்து நாலு. சரி. அதே மூன்றுக்கு நேரே இரண்டாவது வரிசையில் இருபத்தொன்பது. எட்டு மடங்குக்கு மேல் ஐந்து. மற்ற வரிகளையும் பார்த்தோம், எல்லாவற்றிலும் அந்த ஐந்து உட்கார்ந்திருந்தது. "அந்த அஞ்சு என்ன?" என்று கேட்டார். டாக்ஸிக்காரர் வீட்டுப் பிள்ளை எனக்குத் தெரியாதா? "லக்கேஜ், டீச்சர். ஒரு பெட்டி."

பிறகு கிராஃப் தாள் வந்தது. தாள் விலை எல்லோருக்கும் கட்டாது என்பதால் ஒரு தாளை நாலாக வெட்டித் தந்தார். எந்த எண்ணை எந்தப் பக்கம் வைப்பது என்பதற்கு அவர் சொன்னது சாலில், அதாவது ஒற்றை அறை வீடுகள் வரிசையாக உள்ள மாடிக் கட்டடத்தில், வளர்ந்த எங்களுக்கு ஒரே தடவையில் ஏறியது: "வீட்டுக்கு எப்படிப் போவீங்க? முதல்ல தரையில நடந்து மாடிப்படிக்குப் போவோம், அப்புறம்தானே ஏறுவோம். முதல் எண் நடக்குறதுக்கு, ரெண்டாவது எண் ஏறுறதுக்கு." அப்படியும் நான் மாற்றி வைத்துவிட்டேன். என் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. அவர் அதை அடிக்கவில்லை. "உன் படம் என்ன சொல்லுதுன்னு வாசி" என்றார். மீட்டர் எட்டு காட்டினால் ஒரு ரூபாய் என்று வாசித்தேன். "அப்படி ஓட்டினா உங்கப்பா பெட்ரோலுக்கு எங்கே போவார்?" என்று கேட்டுவிட்டு வேறு தாள் கொடுத்தார். படத்தையும் வாசிக்க வேண்டும் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

முதல் வரிசையின் புள்ளிகளை ஸ்கேலால் இணைத்து இடப்பக்கம் நீட்டினால் கோடு நேராக மூலையில், ஆதிப்புள்ளியில் போய் முட்டியது. இரண்டாவது கோடு அதற்கு இணையாகவே வந்து, மூலைக்குப் போகாமல் மேலே ஐந்தில் நின்றது. வண்டி ஓடாமலே ஐந்து ரூபாயா என்று ஒருவன் கேட்டான். "வண்டி நகர்றதுக்கு முன்னாடியே பெட்டி ஏறிடுச்சுல்ல?" என்றார் டீச்சர். வகுப்பு ஒரு நொடி அமைதியாகி, அப்புறம் 'ஓ' என்றது. மீட்டர் இரண்டு மடங்கானால் பணமும் இரண்டு மடங்காகுமா என்ற கேள்விக்கும் அந்த மூலையில்தான் பதில் இருந்தது. பெட்டி இல்லாத கோட்டில் ஆகும். பெட்டி உள்ள கோட்டில் ஆகாது.

இட்லிப் படத்தில் வேறு சண்டை. தட்டுக்கு மூன்று இட்லி. கோடு போட்டுப் பழகிய கையோடு எல்லோரும் புள்ளிகளை இணைத்துவிட்டோம். ஒன்றரைத் தட்டுக்கு நேரே என்ன இருக்கிறது என்று கேட்டார். நாலரை இருந்தது. இட்லி வீட்டுத் தோழிக்குப் பொறுக்கவில்லை. "எங்கம்மா அரை இட்லி விக்க மாட்டாங்க, டீச்சர்!" டீச்சர் அவளைப் பலகைக்கு வரச் சொல்லி, கோட்டை அழித்துப் புள்ளிகளை மட்டும் விடச் சொன்னார். எங்கே கோடு போடலாம், எங்கே புள்ளியோடு நிறுத்த வேண்டும் என்பதைப் பெரிய வகுப்புகளில்கூட நிறையப் பேர் சொல்லித் தருவதில்லை. எனக்கு அது இட்லி விற்ற வீட்டிலிருந்து வந்தது.

அன்று ராத்திரி அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். அவர் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். தாதர் ஸ்டேஷன் வாசலில் இருட்டில் அட்டையைப் பார்க்காமலே மீட்டருக்குப் பணம் சொல்லிவிடுவார். எப்படி என்று கேட்டதற்கு, "மேலேருந்து எண்ணிக்கிட்டு வந்தா பாசஞ்சர் இறங்கிப் போயிடுவாரும்மா" என்றார். டீச்சர் சொன்ன குறுக்குவழியில்தான் அவர் இத்தனை வருஷமாக வண்டி ஓட்டியிருக்கிறார்.

இன்று நான் நியூ ஜெர்சியில் ஒரு அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். அமெரிக்காவில் 2010-ல் வெளியான காமன் கோர் பாடத்தரங்களில் ஐந்தாம் வகுப்புக்கே இந்தப் பாடம் இருக்கிறது; எங்கள் மாநிலப் பாடத்திட்டமும் அதை ஒட்டியதுதான். பூஜ்யத்தில் தொடங்கி மூன்று மூன்றாகக் கூட்டு, பூஜ்யத்தில் தொடங்கி ஆறு ஆறாகக் கூட்டு, இரண்டையும் சோடி சேர்த்துப் புள்ளி வை, என்ன உறவு என்று சொல், ஏன் அப்படி என்றும் சொல். 0, 3, 6, 9. 0, 6, 12, 18. பிள்ளைகள் கீழ்நோக்கியே வாசிக்கிறார்கள், அன்று நாங்கள் வாசித்த மாதிரி. ஒன்று மூன்றால் ஏறுது, இன்னொன்று ஆறால் ஏறுது என்று முடித்துவிடுகிறார்கள். நான் கையால் மறைக்கிறேன். முதல் வரிசையில் 300 வந்தால் நேரே என்ன என்று கேட்கிறேன். நூறு தடவை கூட்டக் கிளம்பும் பிள்ளை பாதியில் நின்று 600 என்று சொல்லும்.

அதோடு விடக் கூடாது. ஏன் இரண்டு மடங்கு என்று கேட்டால்தான் பாடம் தொடங்குகிறது. இரண்டும் ஒரே இடத்தில் கிளம்பின, ஒவ்வொரு அடியிலும் இரண்டாவது இரு மடங்கு வைத்தது, அதனால் மொத்தமும் இரு மடங்கு என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை தன் வாயால் சொல்ல எனக்குச் சில சமயம் மூன்று நாள் ஆகிறது. அந்த மூன்று நாளை நான் யாருக்காகவும் குறைப்பதில்லை. அது வந்த பிறகுதான், இரண்டாவது வரிசையைப் பூஜ்யத்துக்குப் பதிலாக ஐந்தில் தொடங்கிக் காட்டி, இரு மடங்கு எங்கே போச்சு என்று கேட்பேன். கதை அப்போது டாக்ஸிக்கும் பெட்டிக்கும் போய்விடும்.

2012 வாக்கில் மின்னணு மீட்டர்கள் வந்து மும்பையில் அட்டைக்கு வேலை போய்விட்டது. 2023 அக்டோபரோடு கடைசி பத்மினி டாக்ஸியும் ரோட்டைவிட்டுப் போனது. அந்தச் செய்தியைப் படித்த அன்று அப்பாவை நினைத்து அழுதேன். அந்தப் பழைய அட்டை என்னிடம் இருக்கிறது, வகுப்பில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன்.

என்னிடம் இல்லாதது ஒன்றுதான். எல்லோர் தாளையும் பார்த்து டீச்சர் பெரிய சார்ட் பேப்பரில் வரைந்து வகுப்புச் சுவரில் ஒட்டிய படம். வருஷக் கடைசியில் அதை யாரோ சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனீர்கள். இடது ஓரத்தில், ஐந்துக்கு நேரே, சிவப்பு மையில் ஒரு சின்னப் பெட்டி வரைந்திருக்கும். யாரிடம் இருந்தாலும் சங்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அடுத்த விடுமுறைக்கு மும்பை வரும்போது நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.