20.8

வேதியியல் ஆய்வகத்தில், அமிலத்தை நடுநிலையாக்க எவ்வளவு காரம் செலவாகிறது என்று மூன்று முறை தரம்பார்த்து மூன்று முறையும் 20.8 மில்லிலிட்டர் என்று அந்த மாணவி எழுதிக்கொண்டு வந்தபோது, நான் அவருடைய நோட்டைத்தான் பார்த்தேன், காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடும் அளவுக்குழாயான பியூரெட்டைப் பார்க்கவில்லை. பிப்பெட் என்ற உறிஞ்சுகுழாயில் அளந்தெடுத்தது 20 மில்லிலிட்டர் ஹைட்ரோகுளோரிக் அமிலம்; பியூரெட்டில் இருந்தது 0.1 நார்மல் (செறிவின் அலகு) சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். அவர் கணக்கில் அமிலத்தின் செறிவு 0.104 நார்மல், நான் தயாரித்து வைத்ததோ 0.100; அதற்கு 20.0 மில்லிலிட்டர்தான் செலவாகியிருக்க வேண்டும்.

"இன்னொரு தடவை பண்ணிப் பாரும்மா" என்றேன்.

"மூணு தடவையும் இதேதான் சார் வருது."

"இருக்காது, பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனேன். கால் மணி நேரத்தில் 20.0 என்று இரண்டு ஒத்த அளவீடுகளோடு வந்தார், கையெழுத்திட்டேன்.

மறுபடி செய்யச் சொன்னது தவறில்லை என்று இன்றும் வாதிடுவேன். முடிவைக் காட்டும் வெளிர் இளஞ்சிவப்பு அடர்ந்த பிறகு நிறுத்துபவர்களுக்கும், பியூரெட் முனையின் காற்றுக்குமிழியைக் கவனிக்காதவர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். ஆனால் அத்தகைய பிழை மூன்று முறையும் ஒரே அளவில் வருவது அரிது. மாறாமல் வரும் பிழையை முதலில் புட்டியில் தேட வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா?

அன்று மாலைதான் தேடினேன். லிட்டருக்கு 6.3 கிராம் ஆக்சாலிக் அமிலம் என்ற விகிதத்தில் புதிதாகக் கரைத்த 0.1 நார்மல் கரைசலில் 20 மில்லிலிட்டரை எடுத்துப் பார்த்தபோது, அதே 20.8 செலவாயிற்று. மூடி சரியாகப் பொருந்தாத புட்டியில் மூன்று வாரம் இருந்த காரம், காற்றின் கார்பன் டைஆக்சைடை இழுத்து ஒரு பகுதி கார்பனேட்டாகி, நிறங்காட்டியான பினால்ப்தலீன் காட்டும் முடிவுநிலைக்கு 0.096 நார்மலாக இறங்கியிருந்தது.

அந்தக் காரத்தில் 20.0 வந்திருக்கவே முடியாது. நான் மாற்றி எழுதச் சொல்லவில்லை; ஆனால் மாற்றி எழுதியதைத்தான் ஏற்றுக்கொண்டேன். அதே புட்டியிலிருந்து எடுத்த மற்ற ஐந்து பேரும் தொடக்கத்திலேயே 20.0, 20.1 என்று எழுதியிருந்தார்கள் என்பதும், அதை நான் கைத்திறன் என்று நம்பியிருந்தேன் என்பதும் இன்னும் உறுத்துகிறது.

அடுத்த வாரம் காரத்தின் குறையை வகுப்புக்கே சொல்லி, எல்லோரையும் திரும்பச் செய்ய வைத்தேன். அவரைத் தனியே அழைத்துப் பேசியிருக்கலாம். பிறர் முன் அவரைக் கூசவைக்க வேண்டாம் என்று நினைத்ததாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பியூரெட்டை நிரப்பிய பின் அவர் என்னிடம் வந்து, "எவ்வளவு சார் வரணும்?" என்று கேட்டார். "வருவதை எழுதும்மா" என்றேன். அவர் உடனே போகவில்லை. என் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.