முதல் அடிக்கு மட்டும் விசுவாசம்

1981-இல் வந்த முதல் இண்டியானா ஜோன்ஸ் படத்தில் பைபிளில் வரும் புனிதமான உடன்படிக்கைப் பெட்டியின் சக்தியை நாயகன் மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறான். கதை நடப்பது 1936. ஆனால் அடுத்த படத்தின் கதை 1935-இல் நடக்கிறது. அங்கே சங்கரா கற்கள் என்ற மந்திரக் கற்கள் கனன்று எரிவதைக் கண்ணாரக் கண்டுவிட்டான். ஓராண்டில் எப்படி மறந்தான்? திரைக்கதையில் பெரிய ஓட்டை இது.

மூன்றாவதாக வந்த 1989 படத்தில்தான் சந்தேகம் சரியாகக் கையாளப்படுகிறது. இயேசுவின் புனிதக் கிண்ணத்தை அடைய மூன்று சோதனைகள். முதலாவதில் மண்டியிட வேண்டும். இரண்டாவதில் கடவுளின் பெயரான யெகோவாவை, எழுத்துகள் பொறித்த கற்களை மிதித்து, லத்தீன் முறைப்படி 'ஐ'யில் தொடங்க வேண்டும். 'ஜே'யை மிதித்ததும் கல் உடைகிறது. இதுவரை படிப்பு கைகொடுக்கிறது. மூன்றாவதில் கொடுக்காது. பாறையின் நிறத்தோடு கலந்த பாலம் கண்ணுக்கே தெரியாது. தந்தை குண்டடிபட்டுக் கிடக்கிறார், அவரைக் காப்பாற்றக் கிண்ணம் வேண்டும் என்பதால் திரும்பவும் முடியாது. நெஞ்சில் கைவைத்து வெற்றிடத்தில் காலை நீட்டுகிறான்.

கடந்தபின் மணலை அள்ளிப் பாலத்தின்மேல் வீசுகிறான் பாருங்கள், அந்த நுணுக்கம் அபாரம். கிண்ணத்தைத் தேடிப் பின்னால் வரும் எதிரணியினரான எல்சாவும் டோனவனும் எதையும் நம்பவேண்டியதில்லை. மணலைப் பார்த்து நடந்தால் போதும்.