ஊர் கூடி இழுக்கும் தேருக்குச் சாரதி யார்?

அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் லீகில் 32 அணிகள். அவற்றில் 31 அணிகளை நடத்துவது ஒரு கோடீஸ்வரரோ, ஒரு குடும்பமோ, சில பணக்காரக் கூட்டாளிகளோதான். மிச்சமிருப்பது விஸ்கான்சின் மாநிலத்து கிரீன் பே பேக்கர்ஸ். ஊரின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும். அணியின் பங்குதாரர்களோ ஐந்து லட்சத்துக்கும் மேல். பேக்கர்ஸ் என்றாலே எல்லோரும் இந்தப் பங்குகளின் பெருமையைத்தான் பாடுவார்கள். பங்குகள் அணியைப் பிழைக்க வைத்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் ஜெயிக்க வைத்தது வேறொன்று. முதலாளி இல்லாத இடத்தில் கடிவாளம் யார் கையில் இருந்தது என்று பார்த்துக்கொண்டே போனால், இந்த அணியின் ஏற்றமும் இறக்கமும் பெரும்பாலும் விளங்கிவிடும்.

1919 ஆகஸ்டில் கர்லி லாம்போவும் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஜார்ஜ் கால்ஹூனும் சேர்ந்து தொடங்கிய அணி இது. லாம்போ வேலை பார்த்த இந்தியன் பேக்கிங் என்ற இறைச்சி நிறுவனம் சீருடைக்கு 500 டாலர் கொடுத்தது. பேக்கர்ஸ் என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். 1921இல் லீகில் சேர்ந்தார்கள். அதே பருவத்தில் கல்லூரி மாணவர்களைப் பொய்ப்பெயரில் ஆடவிட்டுப் பிடிபட்டு, உரிமத்தைப் பறிகொடுத்தார்கள். 1922இல் லாம்போ அதை மீட்டார். 1923இல் முதல் பங்கு விற்பனை: பங்கு 5 டாலர்.

இந்தப் பங்கை வாங்கினால் என்ன கிடைக்கும்? ஈவுத்தொகை கிடையாது. விலை ஏறாது. வெளியாருக்கு விற்க முடியாது, குடும்பத்தாருக்குக் கொடுக்கலாம். ஒருவர் இரண்டு லட்சம் பங்குகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இயக்குநர் குழுவைத் தேர்ந்தெடுக்க வாக்கு மட்டும் உண்டு. முக்கியமான கண்ணி வேறிடத்தில் இருக்கிறது. அணியை விற்றால் வரும் பணம் பங்குதாரர்களுக்குப் போகாது. முன்பு அது போர்வீரர் நினைவுச்சின்னத்துக்கு என்று எழுதியிருந்தார்கள்; 1997இல் அணியின் அறக்கட்டளைக்கு என்று மாற்றினார்கள். விற்றால் யாருக்கும் லாபமில்லை என்பதால், அணியைப் பெரிய நகரத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போக யாருக்கும் ஆசை வராது. 1935இல் மைதானத்தின் இருக்கை மேடையிலிருந்து விழுந்த பார்வையாளர் தொடுத்த வழக்கால் அணி திவாலின் விளிம்புக்குப் போனபோது மறுபடி பங்கு விற்றார்கள். பிறகு 1950இல் 25 டாலருக்கு, 1997இல் 200க்கு, 2011இல் 250க்கு, 2021இல் 300க்கு. இன்று லீக் விதிப்படி இப்படி ஓர் அணியைப் புதிதாகத் தொடங்கவே முடியாது. பேக்கர்ஸுக்கு மட்டும் விதிவிலக்கு. இருந்தாலும், 1961இல் தொலைக்காட்சிப் பணத்தை எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரிக்கும் ஏற்பாடு வந்திராவிட்டால் பங்குப் பணத்தை மட்டும் நம்பி இந்தச் சின்ன ஊர் தாக்குப்பிடித்திருக்காது என்றே நினைக்கிறேன்.

கடிவாளம் முதல் முப்பது ஆண்டுகள் பயிற்சியாளர் லாம்போ கையில். 1929, 30, 31 என்று தொடர்ந்து மூன்று பட்டங்கள். பிறகு 1936, 39, 44. அவர் கொண்டுவந்த டான் ஹட்சனை பந்து பிடிக்கும் கலையின் பிதாமகர் என்று சொன்னால் மிகையில்லை. எல்லோரும் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடிய காலத்தில், 1942இல் 11 ஆட்டங்களில் 74 முறை பந்தைப் பிடித்து 1,211 கஜம், 17 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டுவது, 6 புள்ளி) எடுத்தார். 1945இல் டெட்ராய்ட்டுக்கு எதிராக ஒரே கால் பகுதியில் 29 புள்ளிகள்: நான்கு டச்டவுன், ஐந்து கூடுதல் புள்ளி உதைகள். அவர் பிடித்த 99 டச்டவுன்கள் என்ற சாதனை 1989 வரை நின்றது.

1950இல் லாம்போ விலகியதும் நிர்வாகக் குழு ஆட்சி. ஊர்ப் பெரியவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். 1958இல் 12 ஆட்டங்களில் ஒரு வெற்றி, ஒரு சமன், பத்துத் தோல்வி. ஆட்கள் இல்லாமல் தோற்றார்களா என்றால் அதுதான் இல்லை. ஜாக் வைனிசி என்ற தேர்வாளர் டிராஃப்ட் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு) மூலம், பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் (1956இல் 200ஆவது தேர்வு!), ஃபாரஸ்ட் கிரெக், பால் ஹார்னங், ஜிம் டெய்லர், ரே நிட்ச்கி, ஜெரி கிரேமர் எல்லோரையும் ஏற்கெனவே சேர்த்துவிட்டிருந்தார். 1959இல் பயிற்சியாளர், பொது மேலாளர் இரண்டு பதவிகளையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தார் வின்ஸ் லம்பார்டி. குழுவின் குறுக்கீடு நின்றது. அந்தப் பருவமே 7 வெற்றி, 5 தோல்வி.

அவருடைய கைமருந்து ஒரே ஓர் ஆட்டமுறை: பவர் ஸ்வீப். பந்து ஹார்னங் கையில், ஓட்டம் வலப்பக்கம். முன்வரிசையில் நடு ஆட்டக்காரருக்கு இருபுறமும் நிற்கும் இரண்டு கார்டுகளும் (ஜெரி கிரேமர், தர்ஸ்டன்) எதிரே நிற்பவரை விட்டுவிட்டு வலப்பக்கம் பாய்ந்து வழி திறப்பார்கள். கிரேமர் விட்டுப்போன இடைவெளியில் எதிரணி முன்வரிசைத் தடுப்பாளரான டேக்கிள் நுழைந்தால் ஓட்டம் தொடங்கும் முன்பே முடிந்தது. அவரை அடைக்க வேண்டியவர் நடுவில் நிற்கும் சென்டர் ஜிம் ரிங்கோ. ஹார்னங்கோடு பின்னால் நிற்கும் ஃபுல்பேக் டெய்லர், எதிரணி முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்டைத் தட்டிவிடுவார். உயிர்நாடி, முன்வரிசையின் ஓரத்தில் சற்றுத் தள்ளி நிற்கும் டைட் எண்ட் ரான் கிரேமர் (ஜெரி அல்ல, வேறொருவர்). எதிரே நிற்கும் லைன்பேக்கரை (இரண்டாம் அடுக்குத் தடுப்பாளர்) அவர் இந்தத் திசையில்தான் தள்ள வேண்டும் என்பதில்லை. லைன்பேக்கர் வெளியே போக நினைத்தால் வெளியே தள்ளு, உள்ளே வந்தால் உள்ளே அமுக்கு. ஹார்னங் அதைப் பார்த்து மறுபக்கம் திரும்புவார். எதிரணிக்கு முன்கூட்டியே தெரிந்தும் தடுக்க முடியாமல் போனதற்குக் காரணம் இதுதான். கெடுவது பெரும்பாலும் அவசரத்தால்: கார்டுகளை முந்திக்கொண்டு ஓடுகிறவர் போய்விட்டால் முன்னால் காவல் இருக்காது.

1961, 62, 65, 66, 67 பட்டங்கள். முதல் இரண்டு சூப்பர் பவுல்களும் (சாம்பியன் யாரென்று முடிவாகும் பருவ இறுதி ஆட்டம்) இதில் அடக்கம். 1967 டிசம்பர் 31, டல்லாஸுக்கு எதிரான 'ஐஸ் பவுல்' ஆட்டத்தில் குளிர் மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். தரைக்கடியில் பதித்த சூடேற்றும் கம்பிகள் கைவிட்டன, தரை பனிப்பாளமானது. 16 விநாடி மிச்சம், 17க்கு 14 என்று பின்னடைவு, கோல் கோட்டுக்கு ஒரு கஜம்கூட இல்லை. அதற்கு முந்தைய இரண்டு முயற்சிகளிலும் பந்தோடு ஓடிய டானி ஆண்டர்சனுக்குக் கால் பிடிமானம் கிடைக்கவில்லை. ஆகவே பந்தைக் கைமாற்றாமல், ஜெரி கிரேமரும் கென் போமனும் திறந்த சந்தில் ஸ்டார் தானே விழுந்தார். 21க்கு 17.

இரட்டைப் பதவியின் மறுபக்கத்தைக் காட்டியவர் டான் டிவைன். 1974இல் 34 வயது குவார்ட்டர்பேக் ஜான் ஹேடலுக்காக ஐந்து டிராஃப்ட் தேர்வுகளைத் தூக்கிக் கொடுத்தார்: இரண்டு முதல் சுற்று, இரண்டு இரண்டாம் சுற்று, ஒரு மூன்றாம் சுற்று. ஹேடல் பேக்கர்ஸுக்காக வீசிய டச்டவுன்கள் 9, எதிரணி பறித்த வீச்சுகள் 29. வேறெந்த அணியிலும் ஒரு முதலாளி இடையில் புகுந்து தடுத்திருக்கக்கூடும். இங்கே தட்டிக்கேட்க ஆளில்லை. அடுத்தடுத்த முதல் சுற்றுகள் இல்லாமல் அணி ஆண்டுக்கணக்கில் தவித்தது.

1991இல் தலைவர் பாப் ஹார்லன் ரான் உல்ஃபைப் பொது மேலாளராக்கி, ஆட்கள் விஷயத்தில் முழு அதிகாரத்தையும் எழுதிக் கொடுத்தார். பயிற்சியாளர் வேலை மட்டும் தனியாக, மைக் ஹோம்கிரனுக்கு. டிவைனிடம் இல்லாத பிரிவினை இது. உல்ஃப் ஒரு முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்து அட்லாண்டாவில் பெஞ்சில் இருந்த பிரெட் ஃபார்வை வாங்கினார். 1993இல் ரெஜி வைட்டை நான்கு ஆண்டுக்கு 1.7 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தார். 1997 ஜனவரியில் சூப்பர் பவுல் கிடைத்தது. ஃபார்வ் இருக்கும்போதே 2005இல் 24ஆவது தேர்வாக ஆரன் ராஜர்ஸை எடுத்து மூன்று ஆண்டு உட்கார வைத்தது உல்ஃபின் சீடர் டெட் தாம்சன். அதன் பலன் 2011 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க்கை 31க்கு 25 என்று வென்ற சூப்பர் பவுல்.

2018இல் தலைவர் மார்க் மர்ஃபி ஏற்பாட்டை மாற்றினார். பொது மேலாளரும் பயிற்சியாளரும் தனித்தனியே நேராக அவருக்கே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2019, 20, 21 மூன்று பருவங்களிலும் தலா 13 வெற்றிகள். மூன்றிலும் சூப்பர் பவுலுக்குப் போகவில்லை. கடைசிப் பருவத்தில் சொந்த மைதானத்தில், சான்பிரான்சிஸ்கோ ஒரு பன்ட் உதையை (பந்தைத் தூர உதைத்து எதிரணிக்குக் கொடுப்பது) தடுத்து அதையே டச்டவுனாக்கி, 13க்கு 10 என்று வீட்டுக்கு அனுப்பியது.