அம்மாவின் கட்டைவிரல்

ஒரு பையனைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை அம்மா கைப்பேசியில் படித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீராக மேலே தள்ளிக்கொண்டே வந்த விரல் மூன்றாவது பத்தியில் நின்றது. அப்புறம் கீழே இழுத்தது. திரும்பவும் அதே வாக்கியம்.

எண்ணிப் பார்த்தேன். 31 சொற்கள்.

தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். யார், எங்கே, எப்போது, எதற்காக என்று அதுவரை வந்த எல்லாவற்றையும் படிப்பவர் மனதில் சுமந்துகொண்டே வர வேண்டும். அம்மாவை அவ்வளவு தூரம் சுமக்க வைத்திருக்கிறேன்.

அதை நான்காக உடைத்தேன். 'பொருளாதார நெருக்கடி' என்றிருந்த இடத்தில், மாதக் கடைசியில் அந்தப் பையனின் அப்பா பர்ஸைத் திறந்து திறந்து மூடுவதை எழுதினேன்.

எல்லோருக்கும் புரிகிற மாதிரி எழுதினால் ஆழம் போய்விடும் என்று சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. உடைத்து எழுதிய பிறகுதான் நான் சொல்ல வந்தது என்னவென்று எனக்கே சரியாகத் தெரிந்தது.

சாயங்காலம் மறுபடி படிக்கக் கொடுத்தேன். விரல் எங்கேயும் நிற்கவில்லை.

முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "அந்தப் பையன் அப்புறம் என்ன ஆனான்?"